பழைய மாதிரி ரயில் எஞ்சின்களின் கப்ளர்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி
எழுதியவர்: நீராவிப்பிரியன்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் பெரியப்பா பல ஆண்டுகளாகச் சேர்த்து, அட்டைப்பெட்டிகளில் பத்திரமாக வைத்திருந்த மாதிரி ரயில்கள் அண்மையில் என் பொறுப்புக்கு வந்துள்ளன. அவற்றில் மூன்று எஞ்சின்களைச் சுத்தம் செய்து ஓட்டிப் பார்த்தேன். பற்சக்கரங்களில் இறுகிக் கிடந்த பழைய கிரீஸை அகற்றி, சக்கரங்களைத் துடைத்ததும் மூன்றுமே சீராக ஓடுகின்றன. ஆனால் மூன்றிலும் எஞ்சினையும் பெட்டிகளையும் இணைக்கும் கப்ளர்தான் சிக்கலாக இருக்கிறது.

முதலாவது, ஓ அளவு நீராவி எஞ்சின் (ஓ, எச்ஓ என்பவை மாதிரி ரயில்களின் அளவு வகைகள்; எச்ஓ சிறியது). அதன் டெண்டரின் (எஞ்சினுக்குப் பின்னால் கரியும் நீரும் கொண்டுசெல்லும் வண்டியின்) பின்பக்கத்தில் நிஜ ரயில்களில் இருப்பதைப் போன்ற உலோக நக்கிள் கப்ளர் (மடங்கிய விரலைப் போலத் திறந்து மூடும் கொக்கி கொண்டது) உள்ளது. இரண்டு பெட்டிகளை மாட்டினால் இழுக்கிறது. அதற்கு மேல் மாட்டினால் நக்கிள் தானாகத் திறந்து பெட்டிகளை விட்டுவிடுகிறது. இரண்டாவது, எச்ஓ அளவு டீசல் எஞ்சின். அடிச்சட்டம் உலோகத்தாலும் மேற்கூடு பிளாஸ்டிக்காலும் ஆனவை. இரு முனைகளிலும் கொக்கியும் கொம்பும் கொண்ட பழைய ஹார்ன் ஹுக் கப்ளர்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் கொம்பு முறிந்திருக்கிறது. என்னிடம் உள்ள புதிய வேகன்கள் எல்லாம் நக்கிள் கப்ளர் உடையவை. மூன்றாவது, எச்ஓ அளவுள்ள முழுப் பித்தளை நீராவி எஞ்சின். டெண்டரின் கப்ளர் நன்றாக இருக்கிறது. எஞ்சினின் முகப்பில் கப்ளர் இருக்க வேண்டிய இடத்தில் மரையுள்ள சிறு துளை மட்டுமே இருக்கிறது.

இவற்றில் எதைப் பழுதுபார்க்கலாம், எதை மாற்றத்தான் வேண்டும் என்று அறிய விரும்புகிறேன். முறிந்த கொம்பைப் பசை கொண்டு ஒட்ட முடியுமா? பழைய எஞ்சினின் சட்டத்தில் புதிதாகத் துளை போடுவது சரியா? பித்தளை எஞ்சினுக்கு உலோகக் கப்ளர் பொருத்தினால் ஷார்ட் சர்க்யூட் ஆகும் என்று ஒருவர் எச்சரித்தார். அது எதனால் என்று எனக்கு விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1
எழுதியவர்: மூன்றாம்தண்டவாளம்

வணக்கம் நண்பரே. நான் ஓ அளவு எஞ்சின்களை மட்டுமே கையாள்பவன் என்பதால் உங்கள் முதல் எஞ்சினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் விவரிப்பது இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த லயோனல் நிறுவனத்தின் கப்ளரைப் போலத் தோன்றுகிறது. அந்நிறுவனம் 1945-ல் கொண்டுவந்த நக்கிள் கப்ளரில் ஒரு மின்சுருள் உண்டு. தண்டவாளத்தின் நடுவே அமைந்த தனிப்பகுதியிலிருந்து சறுக்குக் காலணி ஒன்றின் வழியாக மின்சாரம் பெற்று அந்தச் சுருள் பூட்டை விலக்கும். 1948 முதல் வந்த காந்த வகையில் சுருள் கப்ளரில் இல்லை. மின்காந்தம் தண்டவாளத்துக்குள் இருக்கும், கப்ளரின் அடியில் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று மட்டும் தொங்கும். காந்தம் அந்தத் தகட்டைக் கீழே இழுக்கும்போது பூட்டு விலகி நக்கிள் திறக்கும். ஆகவே முதலில் டெண்டரைக் கவிழ்த்து, உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். கம்பி சுற்றிய உருளையும் அதிலிருந்து செல்லும் மெல்லிய ஒயரும் தென்பட்டால் சுருள் வகை. தகடு மட்டும் இருந்தால் காந்த வகை.

சுருள் வகையாக இருந்தால், பெரும்பாலும் உள்ளே நகர வேண்டிய உலக்கைத்தண்டு பழைய எண்ணெயில் ஒட்டிக்கொண்டு முழுவதுமாகத் திரும்பி வராமல் இருக்கும். பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்து, தண்டு தானாக விரைந்து திரும்பும் வரை அதை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அதற்குப் பிறகு எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய்தான் இத்தனை காலம் அதைச் சிக்க வைத்திருந்தது. ஒயரின் மேலுறை பழமையால் உதிர்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

காந்த வகையாக இருந்தால் ஓர் எளிய சோதனை இருக்கிறது. நக்கிளை மூடி, அடித்தகட்டை விரல் நுனியால் மெல்ல மேல்நோக்கித் தாங்கிக்கொண்டு நக்கிளை இழுத்துப் பாருங்கள். அப்போது திறக்கவில்லை என்றால், தகடு தொய்ந்து போனதுதான் காரணம். அது அமர்ந்திருக்கும் கோணத்தை மிகமிகச் சிறிதளவு திருத்தினாலே போதும். சிறிது வளைப்பது, சோதிப்பது, மீண்டும் சிறிது வளைப்பது என்று செல்லுங்கள். தகட்டைத் தாங்கிய பிறகும் நக்கிள் திறந்தால், தேய்மானம் நக்கிளில் இருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், பூட்டில் சிக்க வேண்டிய வால்பகுதியின் விளிம்பு கூர்மையான மூலையாக இல்லாமல் உருண்டு, மற்ற இடங்களைவிடப் பளபளப்பாக இருப்பது தெரியும். அரத்தால் அந்த மூலையைச் சதுரமாக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் பரிந்துரைப்பதில்லை. உலோகத்தைத் தேய்த்து எடுக்க எடுக்க வால் குட்டையாகி, பூட்டின் பிடி மேலும் குறையும்.

நக்கிளை மாற்றுவதே நிலையான தீர்வு. இந்தக் கப்ளர்களுக்கான நக்கிள், உள்ளே வைக்கும் சிறு ஸ்பிரிங், ரிவெட் ஆகியவை உதிரிப் பாகங்களாக இன்றும் கிடைக்கின்றன. பழைய ரிவெட்டின் கீழ்முனை விரிந்திருக்கும்; அந்த விரிவை மட்டும் நுண்ணிய அரத்தால் தேய்த்துவிட்டு, சிறு பஞ்ச் (தட்டித் தள்ளும் எஃகுக் கருவி) கொண்டு தட்டி வெளியே தள்ளுங்கள். தட்டும்போது கப்ளர் தலையின் இரு செவிகளுக்கும் அடியில் துளையுள்ள மரக்கட்டையையோ உலோகத் துண்டையோ தாங்கலாக வைப்பது கட்டாயம். தலை வார்ப்பு உலோகத்தால் ஆனது. தாங்கல் இல்லாமல் ஓர் அடி விழுந்தால் செவி முறிந்துவிடும், அதன் பிறகு கப்ளர் முழுவதையுமே மாற்ற வேண்டியிருக்கும். புதிய ரிவெட்டை மேலிருந்து செருகி, கீழ்முனையைக் கூம்பு முனையுள்ள பஞ்ச் கருவியால் சிறிது சிறிதாக விரித்து, நக்கிள் மேலும் கீழும் ஆடாமலும் பக்கவாட்டில் தடையின்றிச் சுழன்றும் வரும் நிலையில் நிறுத்திவிடுங்கள். சற்று அதிகமாக இறுக்கினாலும் ஸ்பிரிங்கால் நக்கிளைத் திறக்க முடியாது.

பதில் 2
எழுதியவர்: எச்ஓக்காரன்

மூன்றாம்தண்டவாளம் ஐயா சொன்னதோடு சேர்த்து, டீசல் எஞ்சினைப் பற்றி நான் எழுதுகிறேன். இதில் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, நீண்டுவிட்டால் பொறுத்தருளுங்கள்.

முதலில் முறிந்த கொம்பு. பழைய ஹார்ன் ஹுக் கப்ளர்களில் பல அசிட்டால் வகைப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. டெல்ரின் என்ற வணிகப் பெயரில் நாம் அறிந்த பொருள் அது. வழுக்கும் தன்மையும் தேயாத தன்மையும் இருப்பதால்தான் கப்ளருக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே காரணத்தால் எந்தப் பசையும் அதன்மேல் உறுதியாகப் பிடிப்பதில்லை. மாதிரி வீடுகளுக்கும் வேகன்களுக்கும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பசை அதைக் கரைப்பதே இல்லை. சயனோ அக்ரிலேட் (சூப்பர் குளூ) ஒட்டியது போலக் காட்டி, முதல் இழுப்பிலேயே விட்டுவிடும். எனவே ஒட்டும் முயற்சியைக் கைவிடுங்கள். பழைய கப்ளரைக் கழற்றி, எந்த எஞ்சினுடையது என்று எழுதிய சிறு உறையில் போட்டு அதன் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

ஹார்ன் ஹுக்கை மாற்றுவதில் வருத்தப்பட எதுவும் இல்லை என்பது என் கருத்து. 1935-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ-வின் வழியாக எக்ஸ்2எஃப் என்ற பெயரில் இந்த வடிவம் வெளிவந்தபோதிலும், அந்தச் சங்கம் அதை ஒருபோதும் முறையான தரமாக ஏற்கவில்லை. செலவு குறைவு என்பதால் உற்பத்தியாளர்கள் பலரும் பயன்படுத்தினார்கள், அதனால் அது எங்கும் பரவியது. இரண்டு கப்ளர்கள் பக்கவாட்டில் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டே இருப்பதுதான் அதன் இயக்க முறை. ரயிலை இழுக்கும்போது அது தொல்லை தருவதில்லை. பின்னோக்கித் தள்ளும்போது அந்தப் பக்கவாட்டு அழுத்தம் வேகனின் சக்கரங்களைத் தண்டவாளத்திலிருந்து வெளியே தள்ளுகிறது. கப்ளர் சக்கரத் தொகுதியிலேயே பொருத்தப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

மாற்றாகப் பெரும்பாலோர் பயன்படுத்துவது கேடீ நிறுவனத்தின் காந்த நக்கிள் கப்ளர். பழைய எஞ்சின்களுக்குப் பல ஆண்டுகளாகப் பொருத்தப்பட்டு வந்தது 5-ஆம் எண். அதில் கப்ளரை நடுநிலைக்குக் கொண்டுவர மெல்லிய வெண்கலத் தகடு ஸ்பிரிங் ஒன்றைத் தனியாக வைக்க வேண்டும். 148-ஆம் எண்ணில் அந்த ஸ்பிரிங் கப்ளரின் தண்டிலேயே இரு மீசைகளாக நீண்டிருக்கும்; கப்ளர் பெட்டி ஒடுக்கமாக உள்ள பழைய சட்டங்களுக்கு அதுவே எளிது. ஆதர்ன் நிறுவனத்தின் நீலப்பெட்டி வரிசை போன்ற பழைய டீசல்களில் கப்ளர், உலோகச் சட்டத்தின் நாக்குப் பகுதியில் அமர்ந்து, மேலே ஓர் உலோக மூடி கவ்விக்கொண்டிருக்கும். உங்களுடையதும் அந்த அமைப்பாக இருந்தால், மூடியை ஒரு பக்கத்திலிருந்து சிறிய திருப்புளியால் நெம்பி எடுத்து, பழையதை நீக்கி, புதியதை வைத்து மூடியை மீண்டும் அழுத்தினால் போதும். துளை எதுவும் தேவையில்லை. மூடியின் விளிம்பிலும் நாக்கின் ஓரங்களிலும் வார்ப்புப் பிசிறு இருந்தால் மட்டும் நுண்ணிய அரத்தால் நீவி எடுங்கள். கப்ளரை விரலால் ஒரு பக்கம் தள்ளிவிட்டால், அது தடையின்றி நடுவுக்குத் திரும்ப வேண்டும். பாதியில் நின்றால் பிசிறு இன்னும் இருக்கிறது என்று பொருள்.

இங்கேதான் மின்சாரத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் தொடர்பு இருக்கிறது. அந்தப் பழைய டீசல்களில் சட்டமே மின்சுற்றின் ஒரு பாதி. மோட்டாருக்குள் மின்சாரத்தைச் செலுத்தும் பிரஷ்களில் ஒன்று சட்டத்தோடு நேரடியாகத் தொடர்பு கொண்டிருக்கும், ஒரு பக்கத் தண்டவாளத்தின் மின்சாரம் சட்டம் முழுவதும் பாயும். உலோக மூடிக்குள் உலோகக் கப்ளரை வைத்தால் கப்ளரிலும் அதே மின்சாரம் இருக்கும். ஓர் எஞ்சின் தனியாக ஓடும் வரை இதனால் எந்தத் தீங்கும் இல்லை. ஒரே திசையை நோக்கிய இரண்டு எஞ்சின்களை இணைத்தாலும் இரண்டு சட்டங்களும் ஒரே தண்டவாளத்தைச் சேர்ந்தவையாக இருப்பதால் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை முன்பக்கமாகவும் மற்றொன்றைப் பின்பக்கமாகவும் நிறுத்தி இணைத்த கணமே, இரு தண்டவாளங்களும் கப்ளர்களின் வழியாகச் சந்தித்து ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். உலோக மூடியை விட்டுவிட்டு, கேடீ தரும் பிளாஸ்டிக் கப்ளர் பெட்டியைத் திருகால் பொருத்தினால் இந்தச் சிக்கல் தீரும். அதற்குத் துளை தேவைப்படும். இரண்டு எஞ்சின்களை இணைத்து ஓட்டும் எண்ணம் இல்லையென்றால் அந்தத் துளையைப் போடாதீர்கள்.

அடுத்து உயரம். எச்ஓ அளவில் கப்ளரின் நடுமையம் தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து 25/64 அங்குலம், அதாவது ஏறத்தாழ 9.9 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இதை அளப்பதற்கென்றே கேடீயின் 205-ஆம் எண் உயர அளவி இருக்கிறது. அதைத் தண்டவாளத்தில் வைத்து, எஞ்சினை மெல்லத் தள்ளிச் சென்றால் இரு நக்கிள்களும் நேருக்கு நேர் பொருந்துகின்றனவா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். தாழ்ந்தோ உயர்ந்தோ இருந்தால் சட்டத்தை வளைக்க முயலாதீர்கள். தண்டு தலையின் நடுவில் இல்லாமல் மேலாகவோ கீழாகவோ அமைந்த கப்ளர்கள் தனித்தனி எண்களில் கிடைக்கின்றன. வேறுபாட்டுக்கு ஏற்ற வகையைப் பொருத்துவதே முறை. கப்ளரின் அடியில் வளைந்து தொங்கும் எஃகுக் கம்பி தண்டவாளப் பரப்பிலிருந்து சுமார் 0.8 மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும். அந்தக் கம்பியைத்தான் தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள காந்தம் இழுத்துக் கப்ளரைப் பிரிக்கிறது. தாழ்ந்திருந்தால் கிளைப்பாதைகளில் தட்டித் தடம்புரளச் செய்யும். மிக உயர்ந்திருந்தால் காந்தத்தின் பிடிக்கு எட்டாது.

கப்ளருக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம். உலர்ந்த கிராஃபைட் தூள் சிறிதளவு போதும்.

நக்கிளின் பக்கத்தில் உள்ள மிகச் சிறிய சுருள் ஸ்பிரிங் தெறித்து விழுவது இந்த வேலையில் அடிக்கடி நடப்பது. அதைத் திரும்ப மாட்டும்போது, சுருளுக்குள் மெல்லிய தையல் நூல் ஒன்றைக் கோத்துக்கொள்ளுங்கள். கத்தி நுனியைச் சுருளின் வளையங்களுக்கு இடையே செருகி, ஒரு முனையை நக்கிளின் முளையிலும், அழுத்தியபடியே மறுமுனையை எதிர் முளையிலும் அமர்த்துங்கள். கை நழுவினாலும் ஸ்பிரிங் நூலிலேயே நின்றுவிடும்; சரியாக அமர்ந்த பிறகு நூலை உருவிக்கொள்ளலாம்.

பதில் 3
எழுதியவர்: பித்தளைநேசன்

பித்தளை எஞ்சினைப் பற்றி யாரும் எழுதாததால் நான் தொடர்கிறேன்.

உங்களை எச்சரித்தவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். அமெரிக்க ரயில்களின் மாதிரியாகச் செய்யப்பட்ட பித்தளை நீராவி எஞ்சின்களின் வழக்கமான மின்னமைப்பில், எஞ்சினின் இடப்பக்கச் சக்கரங்கள் மின்காப்பு செய்யப்பட்டிருக்கும். ஆகவே எஞ்சினின் உடல் முழுவதும் வலப்பக்கத் தண்டவாளத்தோடு இணைந்திருக்கும். டெண்டரில் இதற்கு நேர்மாறாக வலப்பக்கச் சக்கரங்கள் காப்பு செய்யப்பட்டிருப்பதால், டெண்டரின் உடல் இடப்பக்கத் தண்டவாளத்தைச் சேர்ந்தது. இரண்டையும் இணைக்கும் இழுதண்டின் ஒரு முனையில் காப்பு இருப்பதால்தான் அவை ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன. இப்போது, எஞ்சினின் முகப்பில் காப்பில்லாத உலோகக் கப்ளரைப் பொருத்தி, அதை இதே போன்ற வேறொரு பித்தளை எஞ்சினின் டெண்டரோடு இணைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். முன்னால் உள்ள டெண்டர் இடப்பக்கம், பின்னால் உள்ள எஞ்சின் வலப்பக்கம். இரண்டும் ஒரே திசையை நோக்கி இருந்தாலும் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். டீசல்களில் எதிரெதிர்த் திசையில் நிறுத்தினால் மட்டும் வருகிற தொல்லை, இங்கே இயல்பான நிலையிலேயே வந்துவிடுகிறது.

அதனால் முகப்புக் கப்ளரைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துத்தான் பொருத்த வேண்டும். பொருத்தியதும் மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கப்ளரின் தலையிலும் மறுமுனையை எஞ்சினின் உடலிலும் வைத்துப் பாருங்கள். தொடர்பு காட்டக் கூடாது. கப்ளரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் தள்ளி அதே சோதனையைச் செய்ய மறக்காதீர்கள். முகப்பின் அடியிலுள்ள கம்பித் தடுப்பான பசுவிலக்கியின் பித்தளைக் கம்பிகளில் தண்டு உரசுவது வளைவுகளில் மட்டுமே தெரியவரும். எச்ஓக்காரன் குறிப்பிட்ட கிராஃபைட் தூளும் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது என்பதால், இந்த இடத்தில் அதைத் தாராளமாகத் தூவ வேண்டாம்.

மரையுள்ள துளையைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. இத்தகைய எஞ்சின்களில் பெரும்பகுதி ஜப்பானிலும் பின்னர் கொரியாவிலும் செய்யப்பட்டவை. அவற்றின் திருகுகள் மெட்ரிக் அளவைச் சேர்ந்தவை. கேடீ கப்ளர் பெட்டிக்கு வழக்கமாகப் பயன்படும் 2-56 என்ற அங்குல அளவுத் திருகின் விட்டம் சுமார் 2.18 மில்லிமீட்டர், மரை இடைவெளி சுமார் 0.45 மில்லிமீட்டர். எம்2 என்ற மெட்ரிக் திருகின் விட்டம் 2 மில்லிமீட்டர், மரை இடைவெளி 0.4 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முதல் சுற்று உள்ளே போகும், இரண்டாம் சுற்றில் இறுகும். அந்த இறுக்கத்தைப் பொருட்படுத்தாமல் திருப்புளியை அழுத்தித் திருப்பினால் பித்தளையின் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே துளைக்குப் பொருந்தும் மெட்ரிக் திருகை முதலில் கண்டுபிடித்து, அது கப்ளர் பெட்டியின் நடுத்துளையில் நுழைகிறதா என்று பாருங்கள். திருகு பெட்டியின் துளையைவிடச் சிறியதாக இருந்தால் ஒரு வாஷர் போதும். துளையை மட்டும் பெரிதாக்காதீர்கள்.

முகப்பில் எதையும் சால்டர் செய்து பற்றவைக்க நினைத்தால், நன்றாக யோசித்துச் செய்யுங்கள். பசுவிலக்கியின் கம்பிகள், படிக்கட்டுகள், விளக்குத் தாங்கி எல்லாமே அருகருகே பற்றவைக்கப்பட்டவை. ஒன்றுக்காகச் சூடேற்றினால் பக்கத்திலுள்ளவை கழன்று விழும். மேற்பூச்சும் கருகும்.

பதில் 4
எழுதியவர்: வார்ப்பச்சு

அனைவரும் செய்முறையை நன்றாக விளக்கியிருக்கிறீர்கள். நான் சற்று மாறுபட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எச்ஓக்காரன் தம்பி ஹார்ன் ஹுக்கை மாற்றுவதில் வருத்தப்பட எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார். ஓட்டுவதற்கான எஞ்சினுக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் ஒருவர் பல ஆண்டுகள் சேர்த்து வைத்த தொகுப்பில், எந்த எஞ்சின் ஓடுவதற்கு, எந்த எஞ்சின் இருந்தபடியே இருப்பதற்கு என்று முதலில் பிரித்துவிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பழைய கப்ளரின் வடிவமும் அது பொருத்தப்பட்ட விதமும் அந்த மாதிரி எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பதற்குச் சான்றாக நிற்பவை. பிரிட்டனின் ஹார்ன்பி டப்லோ என்ற மாதிரி ரயில் வரிசையை எடுத்துக்கொண்டால், 1938-ல் அறிமுகமான போருக்கு முந்தைய எஞ்சின்களில் இருந்த கப்ளருக்கும் போருக்குப் பின் வந்தவற்றில் உள்ள கப்ளருக்கும் வடிவமே வேறு. கப்ளரை மாற்றினால் அந்தச் சான்று போய்விடுகிறது. சட்டத்தில் துளை போட்டால் திரும்பவும் வராது.

துளை போடாமலே புதிய வேகன்களை இழுப்பதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. அதிக விலை பெறாத ஒரு சாதாரண வேகனை எடுத்து, அதன் ஒரு முனையில் பழைய வகைக் கப்ளரையும் மறுமுனையில் நக்கிள் கப்ளரையும் பொருத்திவிடுங்கள். அந்த வேகன் எஞ்சினுக்கும் ரயிலுக்கும் நடுவில் ஓடும், எஞ்சினில் கை வைக்கவே தேவையில்லை. முறிந்த கொம்புள்ள முனையை முன்னால் விட்டு, நல்ல முனையால் இழுத்தால் உங்கள் டீசலை இன்றே ஓட்டலாம்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், கழற்றிய திருகு, மூடி, வாஷர் உட்பட அனைத்தையும் எச்ஓக்காரன் சொன்னபடி எழுதிய உறையில் வையுங்கள். பிரிப்பதற்கு முன் அடிப்பகுதியைப் புகைப்படம் எடுத்துக்கொள்வதும் நல்லது. வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்பது நினைவில் நிற்காது.

கேள்வியாளரின் தொடர்ச்சி
எழுதியவர்: நீராவிப்பிரியன்

நேரம் ஒதுக்கி இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓ அளவு டெண்டரில் இருப்பது காந்த வகை. தகட்டை விரலால் தாங்கியதும் நக்கிள் உறுதியாக நின்றது, கோணத்தைச் சற்றே திருத்தியதும் முழு ரயிலையும் இழுக்கிறது. பித்தளை எஞ்சினின் துளை எம்2 அளவுதான். அதற்கான திருகையும் பிளாஸ்டிக் பெட்டியையும் பொருத்திச் சோதித்துவிட்டேன். மல்டிமீட்டர் எந்தக் கோணத்திலும் தொடர்பு காட்டவில்லை. டீசலில் மூடியைக் கழற்றி 148-ஐப் பொருத்தினேன், துளை போடவில்லை.

ஆனால் இரண்டு ஐயங்கள் புதிதாக எழுந்துள்ளன. டீசலின் கப்ளர் உயரம் அளவியில் சரியாகவே இருக்கிறது. எனினும் நீண்ட ரயிலை இழுத்துக்கொண்டு தண்டவாள இணைப்புகளைக் கடக்கும்போது சில சமயம் கழன்றுவிடுகிறது. இரண்டாவது, வார்ப்பச்சு அம்மா ஹார்ன்பி டப்லோவைக் குறிப்பிட்டதும் நினைவுக்கு வந்து, பெரியப்பாவின் பெட்டியில் இருந்த போருக்கு முந்தைய ஓஓ அளவு (எச்ஓவுக்கு நெருக்கமான அளவு) எஞ்சின் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கப்ளரைத் தாங்கும் உலோகப் பகுதியில் மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடுகின்றன, அந்த இடம் சற்று உப்பியது போலவும் இருக்கிறது. அதைப் பசையால் நிரப்பிக் கப்ளரை இறுக்கலாமா?

பதில் 5
எழுதியவர்: எச்ஓக்காரன்

கப்ளரை அளவியில் நிறுத்திவைத்துப் பார்க்கும்போது உயரம் சரியாக இருப்பது பாதிச் சோதனைதான். பழைய உலோக மூடிக்குள் 148 போன்ற மெல்லிய தண்டுள்ள கப்ளரை வைத்தால், மேலும் கீழும் இடைவெளி மிஞ்சும். சுமை ஏறியதும் தலை கீழ்நோக்கிச் சாய்ந்து, எதிர்க் கப்ளரின் அடியில் வழுக்கி வெளியேறும். எஞ்சினைத் தண்டவாளத்தில் நிறுத்தி, கப்ளர் தலையை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடினால், மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெட்டிய சிறு துண்டைத் தண்டுக்கு அடியில் வைத்து அந்த இடைவெளியைக் குறையுங்கள். 0.25 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்டைரீன் தாளில் தொடங்கலாம். துண்டு வைத்த பிறகும் கப்ளர் பக்கவாட்டில் தடையின்றி நடுவுக்குத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு, உயரத்தை மீண்டும் அளவியில் சரிபாருங்கள். துண்டு தலையைச் சற்று உயர்த்தியிருக்கும்.

பதில் 6
எழுதியவர்: வார்ப்பச்சு

நீராவிப்பிரியன் அவர்களே, பசையையும் திருகையும் தயவுசெய்து கீழே வைத்துவிடுங்கள். நீங்கள் விவரிப்பது துத்தநாக வார்ப்புகளைத் தாக்கும் சிதைவின் அடையாளம். அந்தக் காலத்து மாதிரிகளில் பயன்பட்ட துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு சிறிதளவு கலந்துவிட்டால், உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு தொடங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல வார்ப்பு உப்பி, விரிசல் விட்டு, இறுதியில் கையோடு உதிர்ந்து வரும். துருவைப் போல மேற்பரப்பில் தொடங்குவது அன்று, உள்ளிருந்தே நடப்பது. எனவே மேலே பசையை நிரப்பினாலோ பூச்சு பூசினாலோ அது நிற்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் துளை போட்டால் துரப்பணத்தின் அழுத்தத்திலேயே பிளந்துவிடும். கப்ளரின் திருகை இறுக்கினாலும் அதே முடிவுதான்.

இப்போது செய்ய வேண்டியது, கப்ளர் தானாகக் கழன்று வருகிறது என்றால் அதைப் பத்திரமாக எடுத்து வைப்பது. வரவில்லை என்றால் நெம்பாமல் விட்டுவிடுவது. வார்ப்பு உப்புவதால் அதற்குள் அழுந்தியிருக்கும் அச்சுகளும் திருகுகளும் இறுகியிருக்கும், அவற்றை வலிந்து எடுக்கும்போதுதான் பெரும்பாலான உடைப்புகள் நடக்கின்றன. எஞ்சினை ஈரமும் அடிக்கடி மாறும் வெப்பமும் இல்லாத இடத்தில் வையுங்கள். இது சிதைவை நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும். வார்ப்பின் நீளத்தையும் அகலத்தையும் வெர்னியர் காலிப்பரால் அளந்து எழுதி வைத்து, சில மாதங்கள் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். அளவு மாறாமல் இருந்தால் இருந்தபடியே காட்சிக்கு வைக்கலாம். மாறிக்கொண்டே வந்தால், முழுவதும் உதிர்வதற்கு முன்பே அந்தப் பகுதியின் அளவுகளையும் படங்களையும் எடுத்துவிடுங்கள்; அவற்றைக் கொண்டு பித்தளையிலோ ரெசினிலோ மாற்றுப் பாகம் செய்ய முடியும். அளவெடுக்கும்போது வார்ப்பு ஏற்கெனவே உப்பியிருப்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். திருகுத் துளைகளின் இடைவெளியை வார்ப்பிலிருந்து எடுக்காமல், அதோடு பொருந்தும் எஃகுத் தகட்டிலிருந்து எடுங்கள். தகடு உப்புவதில்லை.